சட்டமன்றத்தில் நம்ம வீட்டுப் பிரச்சினை



எம்.எல்.ஏ.வுக்கு என்ன வேலை என்று குழுக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பதில் மளமளவென்று வரும். ரோடு போடணும், தண்ணித் தொட்டி கட்டணும், பஸ் விடச் சொல்லணும், பென்ஷனுக்குச் சிபாரிசு பண்ணணும், கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்து நிக்கணும். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அவரை நாம் அனுப்பி வைத்த இடத்தின் பெயரிலேயே அவருடைய முதல் வேலை இருக்கிறது. அது சட்டமன்றம். சட்டம் செய்கிற இடம். ரோடு நாலு மழைக்குப் பெயர்ந்துவிடும். சட்டம் அப்படியில்லை. நம் மகள் வேலை முடிந்து எத்தனை மணிக்கு வீட்டு வாசலில் கால் வைப்பாள் என்பது வரைக்கும் அது தீர்மானிக்கும்.

"அதெல்லாம் பெரியவங்க பார்த்துக்குவாங்க, நமக்கென்ன தெரியும்" என்று நாம் விட்டுவிடுகிறோம். நாம் விட்டாலும் மற்றவர்கள் விடுவதில்லை. முதலாளிகளுக்குச் சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கத்துக்கு அலுவலகமும், மனு எழுதிக் கொடுக்க வக்கீலும், கோட்டைக்குப் போய்வர ஆளும் இருக்கிறார்கள். அவர்கள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்கிறார்கள். கேட்பது அவர்கள் உரிமை. நம் பக்கத்திலிருந்து கேட்க ஆளில்லாமல் போனால், சட்டம் எழுதுகிறவர் காதில் ஒரு பக்கத்துக் குரல் மட்டும்தான் விழும்.

இதை நம் தமிழ்நாட்டில் நடந்ததை வைத்தே பார்க்கலாம். 2021-ஆம் ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே சட்டமன்றத்தில், இரண்டு வருஷ இடைவெளியில், உழைக்கிற குடும்பங்களைத் தொடும் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று நாற்காலி பற்றியது. இன்னொன்று வேலை நேரம் பற்றியது. நம் கூட்டமைப்பில் எல்லாக் கட்சிக் குடும்பங்களும் இருக்கின்றன. அதனால் கட்சி பார்த்து இதைப் படிக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

நாற்காலி கேட்ட பெண்கள்

ஜவுளிக்கடைக்கு நாம் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் போகிறோம். நமக்கு உட்கார ஸ்டூல் போடுவார்கள். சேலையை எடுத்து விரித்து விரித்துக் காட்டுகிற பிள்ளை நின்றுகொண்டே இருக்கும். காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி கணக்கு முடிக்கிற வரைக்கும் அந்தப் பிள்ளை நிற்கிறது. கூட்டமே இல்லாத மத்தியான நேரத்திலும் உட்காரக்கூடாது. சுவரில் சாயக்கூடாது. கால் வீங்கும், கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும், இடுப்பு விட்டுப்போகும். ஒதுங்கப் போனாலும் எத்தனை நிமிஷம் என்று பார்ப்பார்கள் என்பதால் தண்ணீர் குடிக்காமலே இருக்கிற பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளைகளில் பலர் நம்மைப் போன்ற கிராமத்து வீடுகளிலிருந்து போனவர்கள்தான். 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்தவர்களுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கஷ்டத்தை முதலில் சட்டமாக மாற்றியது பக்கத்துக் கேரளத்துப் பெண்கள். கோழிக்கோட்டில் கடைத்தெருவில் வேலை பார்த்த பெண்கள், தையல் தொழிலாளியான விஜி முன்நிற்க, 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பாகச் சேர்ந்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலிகூட இல்லை, கழிப்பறை. அதற்கே போராட வேண்டியிருந்தது. அப்புறம்தான் உட்காரும் உரிமை என்ற பேச்சு வந்தது. 2014-ஆம் ஆண்டு முடிகிற நேரத்தில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைப் பெண்கள் கடை முன்னால் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். நாள் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில் நடந்தது. கடைசியில் 2018-ல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று அதில் வந்தது.

தமிழ்நாட்டில் 2019-லேயே மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுவில் இது பேசப்பட்டு ஒப்புக்கொள்ளப்பட்டது. 2021 செப்டம்பர் 6-ஆம் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் இதற்கான மசோதாவைச் சட்டமன்றத்தில் வைத்தார். 1947-ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற புதுப் பிரிவு சேர்ந்தது. அது சொல்வது இவ்வளவுதான்: ஒவ்வொரு கடையிலும் நிறுவனத்திலும் வேலை செய்கிற எல்லோருக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்கார்ந்துகொள்ளலாம். வேலை நேரம் முழுக்க நின்றே தீர வேண்டும் என்ற நிலை இருக்கக்கூடாது.

ஒரு ஸ்டூலுக்குச் சட்டமா என்று சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் உட்கார்ந்துகொண்டு சிரித்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பன்னிரண்டு மணி நேரம்

இரண்டாவது கதை கொஞ்சம் பெரியது. நிதானமாகப் படியுங்கள்.

தொழிற்சாலையில் ஒருவரை எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம் என்பதற்கு 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் ஒரு வரம்பு கட்டியிருந்தது. ஒரு நாளைக்கு அதிகபட்சம் 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஆறு நாள் வேலை என்று வைத்தால் நாளுக்கு 8 மணி நேரம் வரும். 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும். வாரம் ஒரு நாள் விடுமுறை. கூடுதலாக வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு இரட்டைச் சம்பளம்.

இது யாரும் தானாக அள்ளிக் கொடுத்தது இல்லை. உலகம் முழுக்க எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளிகள் போராடிய நினைவாகத்தான் மே தினம் வந்தது. இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டது நம் சென்னைக் கடற்கரையில், 1923-ல், சிங்காரவேலர் தலைமையில்.

இந்தச் சட்டத்துக்குத்தான் 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதா வந்தது. 65-அ என்று ஒரு புதுப் பிரிவு. எந்தத் தொழிற்சாலைக்கு வேண்டுமானாலும், அல்லது ஒரு வகைத் தொழிற்சாலைகள் எல்லாவற்றுக்கும், அரசு நிபந்தனைகளோடு விலக்கு அளிக்கலாம் என்று அது சொன்னது. எதிலிருந்து விலக்கு? வாராந்திர நேரம், வார விடுமுறை, அன்றாட நேரம், இடைவேளை, வேலை தொடங்கி முடிகிற மொத்த நேரம், ஓவர்டைம் சம்பளம் ஆகிய ஆறு பிரிவுகளிலிருந்தும். மேலே நாம் வரிசையாகச் சொன்ன பாதுகாப்புகள் அத்தனையும் அந்த ஆறில் அடக்கம்.

அரசுத் தரப்பு சொன்ன விளக்கத்தையும் சொல்லிவிடுவோம். புதிதாக வருகிற மின்னணுக் கம்பெனிகள், காலணிக் கம்பெனிகள் போன்றவை வளைந்துகொடுக்கிற வேலை நேரம் கேட்கின்றன. நாளுக்கு 12 மணி நேரம் என்று நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு. வாரத்துக்கு அதே 48 மணி நேரம்தான். விருப்பப்படுகிற தொழிலாளர்களுக்கு மட்டும்தான். இதனால் வேலைவாய்ப்பு பெருகும், பெண்களுக்கும் நல்லது. இப்படிச் சொன்னார்கள். பக்கத்துக் கர்நாடகத்தில் அதே வருஷம் பிப்ரவரியில் இதே மாதிரித் திருத்தம் நிறைவேறியிருந்தது. தொழில் அங்கே போய்விடுமோ என்ற கவலையும் இருந்திருக்கலாம்.

மூணு நாள் லீவு என்றதும் நல்லாத்தானே இருக்கு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளை ஒருத்தி கம்பெனி வண்டியில் வேலைக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். காலை 7 மணிக்கு ஷிப்ட் என்றால் ஐந்தரைக்கு வண்டி வரும். நாலரைக்கு எழுந்தால்தான் சோறு பொங்கி டப்பாவில் போட முடியும். 12 மணி நேரம் முடிந்து 7 மணிக்குக் கிளம்பினால் வீடு வரும்போது எட்டரை. அப்புறம் பாத்திரம், தண்ணீர், பிள்ளையின் வீட்டுப்பாடம். படுக்கப் பதினொன்று. ஐந்தரை மணி நேரத் தூக்கத்தோடு மறுபடி நாலரை. கைக்குழந்தை இருந்தால் அதுவும் இல்லை. மெஷின் முன்னால் நிற்கிற கை பத்தாவது மணி நேரத்தில் தடுமாறாது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? குழந்தைக்கு வாரத்தில் மூணு நாள் மட்டும் பசிக்காது. ஏழு நாளும் பசிக்கும்.

இன்னொன்று. நாலு நாள் 12 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, "ஆர்டர் அவசரம், அஞ்சாவது நாளும் வாம்மா" என்று சூப்பர்வைசர் சொன்னால் எத்தனை பிள்ளைகளால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? 'விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்' என்பது காகிதத்தில் அழகான வார்த்தை. அட்வான்ஸ் வாங்கியிருக்கிற பிள்ளைக்கும், மில் ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பிள்ளைக்கும் அந்த வார்த்தை எட்டாது. ஓவர்டைம் சம்பளப் பிரிவுக்கும் விலக்குக் கொடுக்கலாம் என்று இருக்கும்போது, எட்டு மணி நேரத்துக்குப் பிறகு உழைத்ததற்கு என்ன கூலி என்பதே கேள்விக்குறி ஆகிவிடும்.

கூட்டத்தொடரின் கடைசி நாளான ஏப்ரல் 21-ஆம் தேதி மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளுங்கட்சியோடு கூட்டணியில் இருந்த கம்யூனிஸ்ட் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள், காங்கிரஸ் உள்ளிட்ட கட்சிகளின் உறுப்பினர்களே எதிர்ப்புச் சொல்லி வெளிநடப்புச் செய்தார்கள். வெளியே, கட்சி வித்தியாசம் இல்லாமல் தொழிற்சங்கங்கள் கிளம்பின. ஆளுங்கட்சியின் சொந்தத் தொழிற்சங்கமும் இதை ஏற்கவில்லை. மூன்றே நாளில், 24-ஆம் தேதி, அமைச்சர்கள் சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அன்றைக்கே சட்டம் நிறுத்திவைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. மே 1-ஆம் தேதி, சென்னை சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், சட்டம் திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். சிங்காரவேலர் கொடியேற்றி அன்றைக்குச் சரியாக 100 வருஷம்.

நிறைவேற்றிய சட்டத்தைப் பத்து நாளில் திரும்பப் பெறுவது சாதாரண விஷயம் இல்லை. கௌரவம் பார்த்து விடாப்பிடியாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அதைப் பாராட்ட வேண்டும். பாராட்டும்போதே இதையும் கேட்க வேண்டும்: சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசியது மசோதா நிறைவேறிய பிறகுதானே? முன்னாலேயே கூப்பிட்டிருந்தால் இந்தப் பத்து நாள் கலவரமே வேண்டியிருந்திருக்காது.

மசோதாவின் கடைசிப் பக்கம்

சட்டமாவதற்கு முன்னால் அது மசோதா. ஒவ்வொரு மசோதாவின் கடைசியிலும் 'நோக்கக் காரண விளக்கவுரை' என்று ஒரு பகுதி அச்சாகியிருக்கும். இந்தச் சட்டம் ஏன் கொண்டு வரப்படுகிறது, யார் கேட்டார்கள் என்பதைச் சுருக்கமாகத் தமிழிலேயே சொல்லியிருப்பார்கள். படிப்பதற்கு அரைப் பக்கம்தான் இருக்கும். நம் குழுவில் பத்தாவது படித்த பெண் இருந்தால் போதும், சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லலாம்.

நாற்காலிச் சட்டத்தின் அந்தப் பகுதியில், வேலை நேரம் முழுக்க நிற்பதால் தொழிலாளர்களுக்குப் பலவித உடல்நலக் கேடு வருகிறது என்பது காரணமாகச் சொல்லப்பட்டிருந்தது. 12 மணி நேர மசோதாவின் அந்தப் பகுதியில், தொழில் நிறுவனங்களும் அவற்றின் சங்கங்களும் கேட்டுக்கொண்டன என்பது காரணமாக இருந்தது. ஒளிவுமறைவே இல்லை. யார் பக்கத்தில் நின்று எழுத வைத்தார்கள் என்று அந்த மசோதாக்களே சொல்லிவிட்டன. இனி ஒரு சட்டம் வருகிறது என்று செய்தியில் கேட்டால், நல்லதா கெட்டதா என்று நாலு பேரைக் கேட்பதற்கு முன்னால் அந்தக் கடைசிப் பக்கத்தைத் தேடுங்கள்.

அடுத்து ஓட்டெடுப்பு. "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று பேரவைத் தலைவர் கேட்பார். எந்தச் சத்தம் பெரிசு என்று பார்த்து மசோதா நிறைவேறியதாக அறிவிப்பார். இதுதான் குரல் வாக்கெடுப்பு. பெரும்பாலான சட்டங்கள் இப்படித்தான் நிறைவேறுகின்றன. இதில் ஒரு சங்கடம் உண்டு. நம் எம்.எல்.ஏ. 'ஆம்' என்றாரா, 'இல்லை' என்றாரா, வாயே திறக்கவில்லையா என்று பெயர் வாரியாக எதிலும் பதிவாகாது. எண்ணிக் கணக்கெடுக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்டால் எண்ணுவார்கள். கேட்பது குறைவு. நம் குழுவில் ஐயாயிரம் ரூபாய் உள்கடன் கொடுப்பதற்கே யார் யார் ஒப்புக்கொண்டார்கள் என்று தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குகிறோம். இந்த ஒரு விஷயத்தில் நம் குழு சட்டமன்றத்தை விட ஒரு படி மேலே.

கட்சிக் கொறடா என்று ஒருவர் இருப்பதையும் சொல்ல வேண்டும். கட்சி சொன்னபடி ஓட்டுப் போடாத உறுப்பினர் பதவியையே இழக்கக்கூடும். 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் அப்படி. அதனால் ஒரு எம்.எல்.ஏ.வுக்கு மனதுக்குள் சரியில்லை என்று பட்டாலும் சபையில் எதிர்த்து ஓட்டுப் போடுவது கஷ்டம். ஆனால் கட்சிக் கூட்டத்தில் பேசலாம், அமைச்சரிடம் சொல்லலாம். "எங்க தொகுதிப் பொம்பளைங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க" என்று ஒரு காகிதத்தை அவர் கையில் வைத்திருந்தால் அந்தப் பேச்சுக்கு எடை கூடும். அந்தக் காகிதத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். 2021-ல் தேர்வான 234 பேரில் பெண்கள் 12 பேர்தான். நாலரை மணிக்கு எழுந்து சோறு பொங்குகிற கணக்கை அந்தச் சபையில் யாராவது எடுத்துச் சொல்லியிருப்பார்கள் என்று நாம் நம்பிக்கொண்டிருக்க முடியாது.

சட்டம் வந்ததோடு முடிவதில்லை

நமக்குச் சாதகமாக ஒன்று வந்துவிட்டாலும் எதிர்த் தரப்பு சும்மா இருப்பதில்லை. தையல் கம்பெனிகளுக்கான குறைந்தபட்சக் கூலியை உயர்த்தி 2014 டிசம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அறிவிப்பு செல்லும் என்று நீதிமன்றம் சொன்னபோது 2016 ஜூலை ஆகிவிட்டது. ஒன்றரை வருஷம் வழக்கு நடத்த நிறுவனங்களுக்கு வசதி உண்டு. டெய்லருக்கு மாசக் கடைசியில் மளிகைக் கடன் அடைக்கவே வசதியில்லை.

டெல்லியில் நடந்ததும் நம்மைத் தொடும். 29 பழைய தொழிலாளர் சட்டங்களை நாலு தொகுப்புகளாக மாற்றினார்கள். அதில் மூன்றை 2020 செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. எதிர்க்கட்சிகள் சபையைப் புறக்கணித்திருந்த நேரத்தில் அவை நிறைவேறின. 2025 நவம்பர் 21 முதல் நாலும் நடைமுறைக்கு வந்துவிட்டன. நாம் மேலே பேசிய 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்குள் போய்விட்டது. நாளுக்கு 8 மணி நேரம், ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம், ஓவர்டைம் செய்யத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் ஆகியவை புதுத் தொகுப்பிலும் இருக்கின்றன. எல்லோருக்கும் வேலை நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது நல்ல சேர்ப்பு. ஆனால் ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வாங்க வேண்டிய தொழிற்சாலை எது என்றால், முன்பு 100 பேர் வேலை செய்தாலே போதும். இப்போது 300 பேர் இருக்க வேண்டும். 150 பேர் வேலை பார்க்கிற மில்லில் நம் பிள்ளை இருந்தால் அந்தப் பாதுகாப்பு அவளுக்குப் போய்விட்டது. இதை யார் கேட்டு மாற்றினார்கள் என்று நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கடன் வசூல் விஷயமும் இப்படித்தான். வாரத் தவணைக் கம்பெனிக்காரர்கள் வாசலில் வந்து உட்கார்ந்து, வாய்க்கு வந்தபடி பேசி, பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டி அவமானப்படுத்துவது நமக்குப் புதிது இல்லை. ஒன்றுபட்ட ஆந்திராவில் 2010-ல் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்த பிறகு, அக்டோபரில் அவசரச் சட்டம் போட்டார்கள். அதே வருஷம்தான் ஒரு பெரிய நுண்கடன் கம்பெனி பங்குச் சந்தையில் கோடிக்கணக்கில் பணம் திரட்டியிருந்தது என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். தமிழ்நாட்டில் கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டம் 2025 ஏப்ரலில்தான் சட்டமன்றத்தில் நிறைவேறி, ஜூனில் நடைமுறைக்கு வந்தது. மிரட்டுவது, பின்தொடர்வது, வீட்டுக்கு வந்து தொல்லை கொடுப்பது, சாமான்களைப் பறிப்பது எல்லாம் இப்போது குற்றம். வாங்கிய கடனைக் கட்ட வேண்டாம் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். மானத்தை அடகு வைத்துக் கட்ட வேண்டியதில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. இதைப் பற்றி விரிவாகத் தனியே எழுதுகிறோம்.

நாம் செய்யக்கூடியது

கிராம சபை தமிழ்நாட்டில் 2022 முதல் வருஷத்துக்கு ஆறு முறை என்று ஆக்கப்பட்டது. அதில் மே 1-ம் ஒன்று. தண்ணீர், தெருவிளக்கு என்று பேசுகிற அதே கூட்டத்தில், "எங்க ஊரிலிருந்து மில்லுக்கும் கடைக்கும் போற பிள்ளைகளுக்கு வேலை நேரம், உட்கார இடம், ஓவர்டைம் கூலி சட்டப்படி கிடைக்கணும்" என்று ஒரு தீர்மானம் கொண்டு வரலாம். கிராம சபைத் தீர்மானத்துக்குச் சட்டமன்றம் கட்டுப்பட்டது இல்லை. ஆனால் அது அரசுப் பதிவேட்டில் ஏறுகிற எழுத்து. அதன் நகலை வாங்கி எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோ கையெழுத்தோ வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வருவது அடுத்த காரில் வருகிறவர் சொல்வதோடு கலந்துபோகும்.

சட்டமன்றத்துக்கு 'மனுக்கள் குழு' என்று ஒரு குழு உண்டு. எம்.எல்.ஏ.க்கள்தான் அதன் உறுப்பினர்கள். மாவட்டங்களுக்கு நேரில் வந்து பொதுப் பிரச்சினைகள் பற்றிய மனுக்களை விசாரிப்பார்கள். வருவதற்கு முன்னால் கலெக்டர் அலுவலகத்திலிருந்து பத்திரிகைச் செய்தி வரும். நம் பகுதிக்கு வருகிற செய்தி தெரிந்தவர்கள் உடனே கூட்டமைப்பு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கடையில் இருக்கை இல்லை என்பது போன்ற புகார்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். வேலை பார்க்கிற பிள்ளையின் பெயரைப் போட்டால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருந்தால், குழுவின் பெயரில் எழுதுங்கள்.

மனு எழுதும்போது "உழைக்கும் மக்களைக் காப்பாற்றுங்கள்" என்று பொத்தாம் பொதுவாக எழுதாதீர்கள். எத்தனை பேர், எந்த மாதிரி வேலை, எத்தனை மணிக்கு வண்டி ஏறி எத்தனை மணிக்கு இறங்குகிறார்கள், ஓவர்டைமுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கணக்காக எழுதுங்கள். முதலாளிகள் சங்கத்து மனுவில் கணக்கு இருக்கும். நம் மனுவிலும் இருக்க வேண்டும். சந்தா, சேமிப்பு, வட்டி என்று மாதாமாதம் கணக்கு எழுதிப் பழகிய கை நம் கை.

அதற்காகத்தான் இந்த இதழோடு ஒரு தாள் வைத்திருக்கிறோம். உங்கள் குழு உறுப்பினர்களின் வீடுகளிலிருந்து மில், தையல் கம்பெனி, ஜவுளிக்கடை, நகைக்கடை வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், ஷிப்ட் நேரம் என்ன, உட்கார இருக்கை உண்டா, இருந்தால் உட்கார விடுகிறார்களா, ஓவர்டைமுக்கு ஒற்றைச் சம்பளமா இரட்டைச் சம்பளமா, நியமனக் கடிதம் கொடுத்திருக்கிறார்களா என்று ஆறு கேள்விகள். பெயரோ கம்பெனி பெயரோ எழுத வேண்டாம். குழுக் கூட்டத்தில் கேட்டு நிரப்பி, ஊக்குநர் வழியாக அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். பிள்ளை ராத்திரி எட்டரைக்குத்தான் வீட்டுக்கு வருகிறாள் என்றால், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்திருந்து அவளையே கேட்டு எழுதுங்கள்.